ஆலுவாவில் ஏறாத மாமா

காவல் நிலையத்திலிருந்து சுள்ளிக்கல் பக்கமாக நடந்துகொண்டிருந்தோம். அம்மா முன்னால், நான் பத்தடி பின்னால். பக்கத்தில் போனால் அடி விழும். அப்பாவை இன்னும் உள்ளே உட்காரவைத்திருந்தார்கள்.

"ஆலுவாவ நீ எப்படா பாத்த?" திரும்பாமலே கேட்டாள்.

"பஸ் போர்டுல பாத்தேன்மா."

அப்போதுதான் திரும்பி வந்து ஒன்று வைத்தாள். எனக்குப் பன்னிரண்டு வயது.

அம்மாவின் தம்பி பட்டாளத்தில் இருந்தார். லீவில் மட்டாஞ்சேரிக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கோடு போட்ட சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு சிநேகிதர்களோடு கடற்கரைப் பக்கம் சாப்பிடப் போனார். ராத்திரி பதினோரு மணிக்குத் தோப்பும்படி சந்திப்பில் இறக்கிவிட்டதாகவும், வீட்டுக்கு நடந்தே போய்க்கொள்வதாக அவர் சொன்னதாகவும் அவர்கள் சொன்னார்கள். வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

லீவு முடிய ஐந்து நாள் இருந்தது. எங்கேயாவது குடித்துவிட்டுக் கிடப்பான், வந்துவிடுவான் என்றார் அப்பா. போலீசுக்குப் போனால் பட்டாளத்துக்குத் தெரியும். வேலை போகும், பாலக்காட்டில் பேசிவைத்த பெண்ணும் கைவிட்டுப் போகும். ஆகவே மாமாவுக்கு அவசர அழைப்பு வந்து முன்னதாகவே கிளம்பிவிட்டார் என்று அக்கம்பக்கத்தில் சொல்வதாக முடிவானது. வெள்ளை பெயிண்டில் பெயரும் நம்பரும் எழுதிய அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டி, அப்பாவின் காய்கறிச் சாக்குகளுக்கு அடியில் போனது.

"யார் கேட்டாலும் இதையே சொல்லணும்" என்றார் அப்பா என்னிடம்.

சொன்னேன். வெறுமனே சொன்னால் நம்பமாட்டார்கள் என்று, நானே ஆலுவா வரை போய் ரயிலேற்றிவிட்டு வந்ததாகப் பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் சேர்த்துச் சொன்னேன். மாமா சாயாவும் பழம்பொரியும் வாங்கித் தந்தார். வண்டி வாசலில் நின்று கை காட்டினார். சொல்லச் சொல்ல எனக்கே பார்த்தது போலிருந்தது.

ஆறாம் நாள் பட்டாளத்திலிருந்து போன் வந்தது, ஆள் வந்து சேரவில்லை என்று. அப்பா ஓடிப்போய் நடந்ததை நடந்தபடி புகார் கொடுத்தார். பொய் சொல்லச் சொன்னவர், நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டார். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் சேச்சி ஆலுவா கதையைச் சொல்ல, அவர் என்னைப் பள்ளிக்கூட வாசலிலேயே பிடித்துக் கேட்டார். யார் கேட்டாலும் என்றால் போலீசும்தானே. பழம்பொரி இரண்டு என்றேன்.

குழந்தை பொய் சொல்லாது என்று நான்கு நாள் ஆலுவா ஸ்டேஷனைச் சல்லடை போட்டுத் தேடியிருக்கிறார்கள். பிறகு பொய் சொல்வது அப்பாதான் என்று எங்கள் வீட்டைச் சோதித்தார்கள். சாக்குக்கு அடியில் டிரங்குப் பெட்டி கிடைத்தது. அப்பா ஏதோ விளக்கம் சொன்னார். எனக்கே அது பொய் போலத்தான் கேட்டது.

நிலையத்தில் வைத்து நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னபோது போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி மேசையில் போட்டார்.

"எடா, அந்த நாலு நாளை எனக்கு யாரு திருப்பித் தரும்? நீயோ, உன் பழம்பொரியோ? தோப்பும்படி கடைக் கேமராவில இனி ஒண்ணும் கிட்டாது."

நடுவில் கேமராவை எதற்கு இழுக்கிறார் என்று விளங்கவில்லை.

அப்பாவின் காய்கறித் தள்ளுவண்டி நின்றுபோயிருந்ததால், மறுநாள் காலை அம்மா என்னை ஜூ டவுன் என்கிற யூதர் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் கொண்டுபோய் விட்டாள். பித்தளை விளக்குகளைத் துடைக்கிற வேலை. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. பள்ளிக்கூடம் மட்டும் திரும்ப வாய்க்கவில்லை. அந்தக் கடையில் சேர்ந்த ஒரு மணி நேரத்தில் ஒரு பீங்கான் கிண்ணத்தை உடைத்தேன். துண்டுகளைப் பொறுக்கி ஒளித்துவிட்டு நிமிர்ந்தால், தலைக்கு மேல் கேமரா.

கூட வேலை செய்த சேட்டன் சிரித்தார். "பேடிக்காதே மோனே. முதலாளி அதைப் பாக்கறதே இல்ல. பத்து நாள் கழிஞ்சா எல்லாம் தானே அழிஞ்சு போகும்."

பத்து நாளா என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். நல்ல கேமரா என்று நினைத்துக்கொண்டு அடுத்த விளக்கை எடுத்தேன்.