நான்காம் எண் மீன்குழம்பு

டச்சுக்காரர்களின் இந்த நாட்டில் சாப்பாட்டுக்கு எண் உண்டு. என் மனைவி தேவகியின் எண் நான்கு. பக்கவாதத்தில் அவளுக்குத் தொண்டை பாதி மரத்துப்போனதும், ஆஸ்பத்திரியில் ஒரு தாளில் பெரிதாக 4 என்று அச்சிட்டுக் கொடுத்து, பிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொன்னார்கள். கட்டி, நார், தோல், முள் எதுவும் இல்லாமல் மசித்த உணவு என்று அர்த்தம். தண்ணீரில் கலந்து, கெட்டியாக்கிக் குடிக்கத் தனியாக ஒரு மாவும் கொடுத்தார்கள். அது தண்ணீருக்கு மட்டும்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவர்களே டப்பாவில் அடைத்த நான்காம் எண் சாப்பாடும் தந்தார்கள். தேவகி ஒரு வாய் வாங்கித் துப்பினாள். "சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பு யா இது. நீ துன்னு பாரு." மூன்று வாரத்தில் அவள் கைவளையல் முழங்கைக்கு ஏறிவிட்டது. அடுத்த புதன்கிழமை எடை பார்ப்போம், இன்னும் குறைந்திருந்தால் வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "ஓட்டை போட்டு ஊத்தறதுக்கு நான் இன்னா டீசல் டாங்கா?" என்றாள் அவள். "ஊருக்கு இட்டுனு போ. இல்ல, மடவைக் கொழம்பு குடு. துன்னுறேன்." விமானத்தில் ஏற்ற முடியாத நிலை. மிச்சம் இருந்தது மடவை மீன்.

நாங்கள் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்துக்காரர்கள். கப்பல் சமையலறையில் வேலை பார்த்து, அங்கிருந்து இந்தத் துறைமுக ஊரின் மீன் கூடத்துக்கு வந்தவன் நான். தோலுரித்துக் கீறிய மீனின் மேல் விரலை ஓட்டி, விட்டுப்போன முள்ளைத் தேடி எடுப்பது என் வேலை. இங்கே பிள்ளைகளுக்கு மீனில் முள் இருக்கும் என்பதே தெரியாது. யாரிடமும் அதிகம் பேசாத எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. தேவகி அப்படியில்லை. பொன்னேரி சந்தையில் அவள் மீன் கூவினால் பஸ் நிறுத்தம்வரை கேட்கும். இப்போது குரல் மெதுவாகக் குழைந்து வருகிறது. நக்கல் மட்டும் குறையவில்லை.

ஊரிலிருந்து எடுத்து வந்த மிக்ஸிதான் எங்களிடம் இருந்தது. அதன் தடித்த மூன்று கால் பிளக் இந்தச் சுவரில் நுழையாது; நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். அரைத்து முடித்ததும் அடாப்டரைக் கழற்றி, ஊருக்குப் போகும் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். ஒன்பது வருடமாக அதுதான் பழக்கம். அந்த மிக்ஸியில் மிளகாய்த் தோல் திப்பி திப்பியாக நிற்கும். பக்கத்து மேசையில் வேலை செய்யும் யான் என்ற டச்சுக்காரனிடம் சொன்னபோது, தன் வீட்டில் பெரிய பிளெண்டர் ஒன்று இருப்பதாகவும், அதில் கல்லும் மாவாகிவிடும் என்றும் சொன்னான். விலை எங்கள் ஒரு மாத வீட்டு வாடகை.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். விற்பனை செய்யும் பையன் கேரட்டைத் துண்டாகப் போட்டு, ஒரு குவளை நிறையத் தண்ணீர் ஊற்றி, பொத்தானைத் திருகினான். கடையே அதிர்ந்தது. ஒரு நிமிடத்தில் பட்டு மாதிரி சூப். "மீன்?" என்று கேட்டேன். "மீன் ஜூஸா?" என்று சிரித்தான். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நானும் சிரித்துவிட்டுப் பஸ் ஏறினேன். பதினான்கு நாளுக்குள் திருப்பித் தரலாம், ஆனால் புழங்காமல் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தான். மீன்குழம்பு அரைத்த ஜாடியை யார் திருப்பி வாங்குவார்கள்?

வழியெல்லாம் அந்தச் சூப் கண்ணிலேயே நின்றது. அப்படி நீராக இறங்கினால் அவளுக்கும் இறங்கிவிடும் என்று தோன்றியது. எங்கள் பக்கம் உடம்பு முடியாதவர்களுக்கு அதுதானே உணவு. நைனா காய்ச்சலில் கிடந்தபோது அம்மா கஞ்சியைத் துணியில் வடிகட்டி, தெளிந்த நீரைத்தான் வாயில் விட்டாள். எவ்வளவு முடியவில்லையோ அவ்வளவு நீர்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மடவைக் குழம்பைப் பழைய மிக்ஸியிலேயே அரைத்து, நிறையச் சாறு விட்டு, துணியில் வடித்து, கரண்டியால் கொடுத்தேன். வாசனைக்கே அவள் கண் மலர்ந்தது. இரண்டாவது கரண்டியில் இருமினாள். இருமல் நிற்கவில்லை. உதடு நீலம் பூத்தது. மூச்சை இழுக்கும் சத்தம், படகு எஞ்சினில் காற்று அடைத்த மாதிரி. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, என்ன சொல்வது என்று தெரியாமல் முகவரியை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர்கள் வருவதற்குள் மூச்சு திரும்பிவிட்டது; சோதித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். முதுகைத் தடவிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அவள் கேட்டாள்: "நம்ம ஊர்ல டச்சுக்காரன் கல்லறை கீதே, அதுக்குப் பதிலுக்கு என்னை இங்க பொதைக்கப் பாக்கிறியா யா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வயதில் அந்தக் கல்லறைக் கற்களில் வெட்டிய எழுத்துகளுக்குள் விரல்விட்டு விளையாடியிருக்கிறோம். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. வியாபாரத்துக்கு வந்து, வந்த இடத்திலேயே கிடந்தவர்கள். கடைசி நாளில் யார் அவர்களுக்கு ஊட்டினார்கள், என்ன ஊட்டினார்கள் என்று அன்றுதான் யோசித்தேன்.

திங்கட்கிழமை லோகோபெடிஸ்ட் அம்மா வந்தார்; பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி கொடுப்பவர். நான் கொடுத்ததைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. ஒரு கரண்டியில் தயிரை எடுத்துச் சாய்த்துக் காட்டினார். ஒழுகக் கூடாது, கரண்டியில் ஒட்டிக்கொள்ளவும் கூடாது, ஒரே உருண்டையாக விழ வேண்டும். நீராக இருந்தால் தொண்டை மூடுவதற்குள் நுரையீரலுக்குள் ஓடிவிடும், அந்த மாவும் அதற்காகத்தான் என்றார். அம்மா துணியில் வடித்த கஞ்சி நினைவுக்கு வந்தது. "அப்படியென்றால் பிளெண்டர் வாங்கட்டுமா?" என்று கேட்டேன். "முதலில் கடையிலேயே உங்கள் சாப்பாட்டைப் போட்டுப் பாருங்கள்" என்றார்.

செவ்வாய்க்கிழமை வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு, மடவையை வேகவைத்து, முள்ளெடுத்து, குழம்போடு டப்பாவில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மடவையை இங்கே ஹார்டர் என்பார்கள். பஸ்ஸில் இரண்டு பேர் இடம் மாறி உட்கார்ந்தார்கள். அதே பையன். இந்த முறை சொல்லிவிட்டேன்: "என் மனைவிக்கு விழுங்க முடியாது. இவ்வளவுதான் அவள் ஒரு வேளைச் சாப்பாடு." ஒரு கைப்பிடி மீன். அவன் சிரிக்கவில்லை. ஜாடியில் போட்டுத் திருகினான். கத்தி சுற்றியது, மீன் சிதறி ஜாடிச் சுவரெல்லாம் ஒட்டிக்கொண்டது. கோலால் தள்ளிவிட்டான். மறுபடி ஒட்டியது. "அளவு போதவில்லை, கொஞ்சம் தண்ணீர்" என்று குவளையை எடுத்தான். நான் ஜாடியின் வாயைக் கையால் மூடி, "நே!" என்றேன். கடையில் எல்லோரும் திரும்பினார்கள். இந்த நாட்டில் நான் சத்தமாகச் சொன்ன முதல் 'வேண்டாம்' அது. சின்ன ஜாடி ஒன்று உண்டு, தனி விலை என்றான். நான் டப்பாவை மூடினேன். ஜாடியைக் கழுவித் தரட்டுமா என்று கேட்டேன். அவன் ஜன்னலைத் திறந்தபடியே பரவாயில்லை என்றான்.

வீட்டில் எங்கள் மிக்ஸியின் சட்னி ஜாடியை எடுத்தேன். உள்ளங்கை அகலம்தான், ஒரு கைப்பிடி மீன் அதில் எங்கும் ஓட முடியாது. மிச்சமிருந்த மடவையை விரலால் இன்னொரு முறை தடவிப் பார்த்தேன். கூடத்தில் ஊரார் பிள்ளைகளுக்காகச் செய்த வேலை. குழைய வடித்த சோறு இரண்டு கரண்டி, தோலும் விதையும் போக வடித்த குழம்பு கொஞ்சம். அரைத்து, வழித்து, மறுபடி அரைத்து, சல்லடையில் தேய்த்தேன். கரண்டியைச் சாய்த்தேன். ஒரே உருண்டையாக விழுந்தது. அவளை நிமிர்த்தி உட்காரவைத்தேன். முதல் வாய். அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறி, நின்று, இறங்கியது. இருமல் இல்லை.

"இன்னா யா அப்பிடிப் பாக்கிற? உப்பே இல்ல."

கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டாள், மறுநாள் காலையிலும். புதன்கிழமை தராசில் எடை சற்றுக் குறைந்துதான் இருந்தது. நான் எழுதிவைத்திருந்த இரண்டு வேளைக் கணக்கை லோகோபெடிஸ்ட் அம்மா டாக்டரிடம் காட்டினார். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம், அதுவரை குழாய் வேண்டாம் என்றார் டாக்டர். ஒரு வாரம்.

சாயங்காலம் மறுபடி அரைத்தேன். ஊட்டி முடித்து, ஜாடியைக் கழுவி, வழக்கம்போல அடாப்டரைப் பிடுங்கப் போனேன். ஊருக்குப் போகணும் என்று தினமும் கேட்கிறவள் கட்டிலிலிருந்து குரல் கொடுத்தாள்.

"அத்த ஏன் யா கழட்டுற? நாளைக்கும் வேணும்ல."

பெட்டியைத் திறக்காமலே மூலையில் தள்ளிவைத்தேன். பசியாவரத்திலிருந்து வந்த மிக்ஸியின் பிளக், இந்த ஊர்ச் சுவரில், நடுவில் ஒரு சின்ன வெள்ளைத் துண்டு தாங்கிப் பிடிக்க, அப்படியே தொங்கிக்கொண்டிருக்கிறது.