இருவருக்கும் நெறி கட்டியிருந்தது

எனக்குக் கல்யாணமாகி நாலாவது மாதம் ஊரில் எலி விழுந்தது. தேவாரத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருந்தது என் புகுந்த ஊர். பருத்தி அடைத்து வைத்திருந்த ஒரு வீட்டில் மூன்று எலிகள் செத்துக் கிடந்ததாக முதலில் சொன்னார்கள். இரண்டு நாளில் எங்கள் தெருவிலும் நாற்றம் வந்தது. எலி விழுந்தால் அடுத்து பிளேக் என்பதை அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பானை சட்டியைத் தூக்கிக்கொண்டு அவரவர் தோட்டத்துக்குப் போய்க் குடிசை போட்டுக்கொண்டோம். எங்கள் குடிசையில் நான், என் வீட்டுக்காரர், அவருடைய அண்ணன், அண்ணன் மனைவி, அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகள். அண்ணன் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

தோட்டத்துக்கு வந்த ஐந்தாம் நாள் குளிக்கும்போது வலது தொடையிடுக்கில் கை பட்டது. கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. தொட்டால் வலித்தது. உடம்பும் காய்ந்தது. காய்ச்சலும் இப்படி நெறி கட்டுவதும் சேர்ந்து வந்தால் அது பிளேக்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்கு வெளியே தனியாகக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள் என்று தெரியும். அது இன்னும் ஒரு நாள் தள்ளிப் போகட்டும் என்று நினைத்தேன். அந்த ஒரு நாளும் அக்காவின் சின்ன மகள் என் மடியில்தான் தூங்கினாள். இதை எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் நடந்தது அதுதான்.

மறுநாள் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வரப்பில் வந்தபோது அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்டி காலைச் சாச்சுச் சாச்சு நடக்குற?"

"சுளுக்குக்கா."

அவள் வந்து என் நெற்றியில் கை வைத்தாள். வைத்த கையை உடனே எடுத்துக்கொண்டாள். "நெறி கட்டிருக்கா? பொய் சொல்லாத."

நான் தலையாட்டினேன். அவள் குழந்தைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு நேராக ஊர்த் தலையாரியின் குடிசைக்குப் போனாள். மத்தியானத்துக்குள் என்னைத் தூக்கிப்போக இரண்டு பேர் கட்டிலோடு வந்துவிட்டார்கள்.

ஊருக்கு மேற்கே புளியமரங்களுக்கு நடுவில் தென்னங்கீற்றால் ஒரு கொட்டகை போட்டிருந்தார்கள். சுற்றிலும் முள்வேலி. உள்ளே எனக்கு முன்னால் ஒரு பெண் படுத்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். கடமலைக்குண்டுப் பக்கத்திலிருந்து மிளகாய் பறிக்கக் கூலிக்கு வந்தவளாம். கூட வந்தவர்கள் அவளை விட்டுவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள்.

"ஒனக்கு எங்கன ஆத்தா?" என்று கேட்டாள்.

"வலது தொடையில."

"எனக்கும் வலதுலதான்."

இருந்தது ஒரே பானை, ஒரே செம்பு. அவளுக்கு எழுந்திருக்கத் தெம்பில்லை. நான்தான் மொண்டு கொடுத்தேன். அவள் குடித்ததும் அதே செம்பில் நானும் குடித்தேன். இருவருக்கும் ஒரே நோய் என்பதால் தயக்கம் எதுவும் இல்லை. சொல்லப்போனால், அவள் அங்கே இருந்தது எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

காலையில் டாக்டர் சைக்கிளில் வந்தார். பிளேக் வேலைக்கென்று வெளியூரிலிருந்து அனுப்பப்பட்டவர். கூட ஒரு மருத்துவச்சியம்மா நடந்து வந்தாள். டாக்டர் முதலில் அந்தப் பெண்ணைப் பார்த்தார், பிறகு என்னை. நெறியை மருத்துவச்சி தொட்டுச் சொன்னாள். நான் எதிர்பாராத விதமாக, டாக்டர் கீழே உட்கார்ந்து என் வலது காலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கணுக்காலுக்கு உட்புறத்திலிருந்து தொடையை நோக்கி நூல் பிடித்தாற்போல ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது. என் மாநிறத்தில் அது மங்கலாகத்தான் தெரிந்தது. அதுவரை அது என் கண்ணில் படவே இல்லை.

"பாதத்துல எங்கேயாவது புண் இருக்கா?"

"இல்லங்கய்யா."

அவர் ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்த்தார். மெட்டி போட்ட விரலுக்கு வந்ததும் நான் காலை இழுத்துக்கொண்டேன். கல்யாணத்தன்று போட்ட மெட்டி. அன்றைக்கே இறுக்கம், இறுக்கமாக இருந்தால்தான் கழன்று விழாது என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். வெங்காயப் பாத்தியில் தினமும் ஈரத்தில் நின்று, மெட்டிக்கு அடியில் தோல் அறுந்து சீழ் வைத்திருந்தது. அது எனக்குத் தெரியும். ஆனால் கால்விரலுக்கும் தொடையிடுக்குக்கும் என்ன சம்பந்தம் இருக்க முடியும்? அதோடு, மெட்டியைக் கழற்ற வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லும் தைரியம் எந்தப் புதுப்பெண்ணுக்கும் கிடையாது. புருஷனுக்கு ஆகாது என்பார்கள்.

"இதை வெட்டி எடுக்கணும்" என்றார் டாக்டர்.

நான் வேலிப் பக்கம் பார்த்தேன். என் வீட்டுக்காரர் விடிந்ததிலிருந்து வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லை. டாக்டர் எழுந்து போய் விவரம் சொன்னார். என் வீட்டுக்காரர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"வெட்டுங்கய்யா. அது வெள்ளிதானே."

கல்யாணமாகி நாலு மாதத்தில் அவர் எனக்காகப் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அது.

குறடால் மெட்டியை வெட்டி, புண்ணைக் கழுவிக் கட்டினார் டாக்டர். பிறகு எங்கள் இருவர் நெறியிலும் ஊசி குத்திச் சொட்டு நீர் எடுத்துக் கண்ணாடித் துண்டுகளில் தடவிக்கொண்டார். தேவாரத்தில் அவரிடம் மைக்ராஸ்கோப் இருந்தது.

"அய்யா, விரல்ல புண்ணு இருந்தா தொடையில ஏன் வீங்குது?" என்று கேட்டேன்.

அவர் கை கழுவிக்கொண்டே சொன்னார். "ரத்தக்குழாய் தவிர உடம்புல இன்னொரு வகைக் குழாய் இருக்கும்மா. முடியைவிட மெலிசா தோலுக்கு அடியில ஆரம்பிச்சு, ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து மேல போகும். அதுல ஓடுறது ரத்தமில்லை, தெளிஞ்ச நீர். ரத்தத்துலேர்ந்து சதைக்குள்ள கசியிற நீரைத் திரும்பக் கொண்டுபோறது அதுதான். கால்ல உள்ளது தொடையிடுக்குல இருக்கிற முடிச்சுகள் வழியாத்தான் போயாகணும். கைக்கு அக்குள்ல, தலைக்குக் கழுத்துல. அழுக்கு, விஷம் எது வந்தாலும் அந்த முடிச்சு நிறுத்திப் பார்க்கும். அதோட மல்லுக்கட்டும்போது வீங்கும். அதைத்தான் நெறின்னு சொல்றீங்க."

"அப்ப நெறி நோய் இல்லையா?"

"நோயைத் தடுக்கிற வேலை."

"அந்தத் தண்ணி மேல போயி எங்கன சேருது?"

அவர் தன் கழுத்தெலும்புக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். "இங்க. மறுபடி ரத்தத்தோட கலந்துரும். ரத்தத்தை ஓட்ட நெஞ்சு இருக்கு. இதுக்கு அப்படி ஒண்ணும் பெருசாக் கிடையாது. நீ காலை அசைக்க அசைக்கத்தான் ஏறும். அதான் நாலு நாள் அசையாமப் படுன்னு சொல்றேன்."

போகும் முன் அந்தப் பெண்ணின் காலையும் அதேபோல விரல் விரலாகப் பார்த்தார். புண் இல்லை, கோடு இல்லை. கூலிக்காரப் பெண்ணின் வெடித்த பாதம், அவ்வளவுதான். பிளேக்கைப் பரப்பும் தெள்ளுப்பூச்சி கடித்த இடம் கண்ணுக்குத் தெரியாது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆனால் புண்ணே இல்லாமல் நெறி கட்டியிருக்கிறதென்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போதே பாதி விளங்கிவிட்டது.

மறுநாள் முடிவைச் சொன்னார். என் நெறியில் பிளேக் கிருமி இல்லை. அவளுடையதில் இருந்தது. ஆனால் நான் அவளோடு இருந்துவிட்டதால் உடனே வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

அவர் போனதும் நான் என் பாயைச் சுருட்டிக் கொட்டகையின் மறு மூலையில் விரித்தேன். என் வீட்டுக்காரரிடம் சொல்லித் தனிச் செம்பு வரவழைத்தேன். அவள் தண்ணீர் கேட்டபோது எட்டி நின்று ஊற்றினேன். பாதி அவள் கழுத்தில் வழிந்தது. முந்தின நாள்வரை ஒரே செம்பில் குடித்தவள் நான். அவள் கண்ணைத் திறந்து என் புதுச் செம்பைப் பார்த்தாள். "ஒனக்கு அது இல்லையாமே? நல்லது ஆத்தா, தள்ளியே இரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஏழாம் நாள் அவளுடைய நெறி உடைந்தது. உடைந்தால் பிழைப்பாள் என்றாள் மருத்துவச்சி. அப்படியே காய்ச்சல் இறங்கியது. அதற்குள் என் கட்டி உளுந்தளவாகக் கரைந்திருந்தது. எனக்கு விடுதலை கொடுத்தபோது அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். நான் வேலியருகே நின்று, "வாரேன்" என்றேன். அவள் குனிந்தபடியே கையை மட்டும் உயர்த்தினாள். அதன் பிறகு அவளைப் பார்க்கவில்லை. அவள் பெயரை நான் கேட்கவே இல்லை.

தோட்டத்துக்கு வந்தபோது அக்கா அடுப்படியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"என்னைய வையணும்னா வஞ்சிரு" என்றாள். "ரெண்டு பிள்ளைய வச்சுக்கிட்டு எனக்கு வேற தோணல."

கொட்டகையில் பாயைத் தள்ளிப் போட்டதை அவளிடம் சொன்னேன். வேறு யாரிடமும் அதை நான் சொன்னதில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் சோற்றுப்பானையை என் பக்கம் நகர்த்தினாள். சின்னவள் ஓடிவந்து மடியில் ஏறினாள். அக்கா பார்த்தாள், இந்த முறை அவளை இழுத்துக்கொள்ளவில்லை.