நாற்காலியில் யாரும் இல்லை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் இதை நம்ப மாட்டீர்கள், பரவாயில்லை, எனக்கே எரிச்சலாகத்தான் இருக்கிறது.

என் அக்கா செல்விக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஒருமுறை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வலிக்கிறது என்று அவள் கையால் சொன்னது அங்கே ஒருவருக்கும் புரியவில்லை. அந்தக் கோபத்தில் ஆரம்பித்த வேலை இது. பெங்களூரில் ரேடார் சென்சார் செய்கிற கம்பெனியில் இருக்கிறேன். கேமரா இல்லாமல், கையில் பட்டுத் திரும்புகிற அலையை வைத்தே கம்ப்யூட்டர் சைகையைப் புரிந்துகொள்ள வேண்டும். வலி, தண்ணீர், வா, போதும் என்று சில சொற்களைப் பழக்கியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச் சுரங்கம் மூடிப்போன எங்கள் ஊர் ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து முயன்றேன், முயன்றுகொண்டே இருந்தேன். அவள் வலி என்றால் அது வா என்கிறது, தண்ணீர் என்றால் வலி என்கிறது. மறுநாள் ஆபீசில் காட்டியாக வேண்டும். அக்காவே சலித்துப்போய் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்போதுதான், நம்பினால் நம்புங்கள், காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சனியன் 'வலி' என்று காட்டியது. மறுபடி வலி. பிறகு தண்ணீர். துளி தடுமாற்றம் இல்லை. ஃபேனை நிறுத்தினேன், அப்போதும் வந்தது. ரேடார் மெல்லிய சுவரைத் தாண்டியும் பார்க்கும், பக்கத்து வீட்டில்தான் யாரோ கை ஆட்டுகிறார்கள் என்று ஓடினால், அங்கே பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது, கூரையில் பாதி இல்லை. திரும்பி வந்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடா, ஆளே இல்லாத சேரைப் பாத்து கத்திக்கினு கீற?"

அக்கா வந்து திரையைப் படித்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நாற்காலி முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். கொஞ்ச நேரத்தில் திரையில் 'போதும்' என்று வந்தது. பிறகு எதுவும் வரவில்லை.

மறுநாள் ஆபீசில் அது ஒரு சொல்லைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன், சென்சார் கோளாறு என்று சிரித்தார்கள். போகட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அக்காவிடம், யார் அது என்று கையால் கேட்டிருந்தேன். அவள் ஒரு சைகை செய்தாள். கூடவே வளர்ந்தவன் நான், அவள் கை சொல்வதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தச் சைகையை மட்டும் அதற்கு முன் பார்த்ததே இல்லை. இப்போது கேட்டாலும் அதையேதான் செய்கிறாள். அப்படியென்றால் என்ன என்றால், கையைக் கட்டிக்கொள்கிறாள்.