நடு மடிப்பில் ஒரு நாற்காலி

"தொழில்: தோட்டத் தொழிலாளி. அனுபவம்: கொழுந்து பறித்தல். நடத்தை: நன்று."

தர்மிளாவுக்குக் கிராம அலுவலர் கொடுத்த சான்றிதழ் இப்படிச் சொல்கிறது. அட்டை காலில் ஏறும் என்ற பயத்தாலேயே தேயிலை மலைக்குள் இறங்காதவள் அவள். வேலை செய்வது றக்வான டவுனில், கபூர் முதலாளியின் அச்சகத்தில், கணினி முன்னால். தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள் கூடையோடுதான் பிறந்திருப்பாள் என்று யாரோ நினைத்துவிட்டார்கள். நடத்தையைப் பற்றி எழுதியது மட்டும் சரி.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா மலருக்கு வருடா வருடம் அவள்தான் பக்கம் கட்டுவாள். மலரின் நட்டநடுவில், எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் சேர்த்து, தோட்டத்தார் அனைவரும் நிற்கும் ஒரே படம். இரு பக்கமும் கூடும் மடிப்பில் எந்த முகம் விழுகிறதோ, அதன்மேல்தான் மலரைத் தைக்கும் கம்பி ஏறும். முதலில் விழுந்தவர் பால்காரர். அடுத்து கொழுந்து நிறுக்கிற ஐயா. போன வருடம், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா ஆயா. மூவருமே அடுத்த திருவிழாவைப் பார்க்கவில்லை. பால்காரருக்கு வயதாகிவிட்டது என்று தர்மிளா விளக்கம் சொல்லிப் பார்த்தாள். மற்ற இருவருக்கும் அவளிடம் விளக்கம் இல்லை.

இந்த வருடம் படம் எடுத்த அன்று ஒருவரும் நடுவில் நிற்கவில்லை. "இதெல்லாம் மூடநம்பிக்கைங்க, நடுவுல வாங்க!" என்று கமிட்டித் தலைவர் ராமச்சந்திரன் நாலு எட்டுத் தள்ளி இடப்புறம் நின்றுகொண்டு அதட்டினார்.

"நீங்கதான் வாங்களேன் தலைவரே!" என்றான் வலப்புறம் கைக்குழந்தையோடு நின்ற பிரதீபன்.

"எனக்கு வெயிலு ஆகாது."

"வெயிலு எங்கங்க இருக்கு? மழ இருட்டிக்கிட்டு வருது!"

தர்மிளாவின் தாய் அழகம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஆம்பளைங்களாடா நீங்க? மொழங்காலு வலிக்குது, ஒரு நாற்காலியப் போடுங்க" என்று நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

படமெடுத்த ஆஸிக், தர்மிளா முன்பே கேட்டிருந்தபடி, கூட்டம் கலைந்ததும் நாற்காலியோடு வெறும் இடத்தையும் ஒரு படம் எடுத்துக் கொடுத்தான்.

தர்மிளாவுக்கு இந்தப் பயமெல்லாம் கிடையாது. கிடையாது என்று சொல்லிக்கொண்டே, முதல் வேலையாகத் தாயை மடிப்பிலிருந்து விலக்கப் பார்த்தாள். படத்தை இடப்புறம் தள்ளினால் பிரதீபனின் பிள்ளை மடிப்பில் வந்தது. வலப்புறம் தள்ளினால் தலைவர் வந்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்து ரசித்தாள். பிறகு மனது கேட்கவில்லை.

எனவே ஒவ்வொருவரையும் தனியாக வெட்டி, ஒவ்வொரு அடுக்கில் வைத்தாள். கண்ணாடித் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போலத்தான். திரையில் அடுக்கின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள கண் குறியை அழுத்தினால் அந்த அடுக்கில் உள்ளவர் மறைந்துவிடுவார். எல்லாவற்றுக்கும் அடியில் ஆஸிக் எடுத்த வெறும் படம். தாயை வலப்பக்கம் நகர்த்தியதும் நடுவில் நாற்காலி மட்டும் மிஞ்சியது.

நாற்காலியின் முதுகில் ஒரு கை இருந்தது.

வெட்டும்போது விடுபட்ட யாருடைய கையோ என்று ஒவ்வோர் அடுக்காக மறைத்தாள். ஆட்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கை போகவில்லை; அது அடியிலிருந்த வெறும் படத்திலேயே இருந்தது. பின்னாலிருந்து அழுத்திப் பிடித்த விரல்கள். அவற்றுக்குப் பின்னால் கோயில் சுவர்தான். வீட்டுக்குப் போன் எடுத்தாள்.

"அம்மா, படம் எடுக்கறப்போ நாற்காலி ஆடிச்சா?"

"ஆடலியே. மேடும் பள்ளமுமா கெடந்த எடம், யாரோ பின்னால கெட்டியாப் புடிச்சிருந்தாங்க. நல்ல மனுசங்க."

"யாரும்மா?"

"திரும்பினா படம் கெட்டுரும்னு படம் எடுத்த தம்பி சொல்லிச்சு, நான் பாக்கல. ஏன்டி?"

"சும்மாதான்."

கபூர் வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன மகள், இன்னம் முடியல்லயா? தலைவர் போன்ல கோலுக்கு மேல கோல். இதென்ன, நடுவுல காலிக் கதிர? பாக்கேலாம ஈக்கி. ஆரயாச்சும் அதுல உக்கார வைங்க. அந்தக் கையயும் வெட்டிப் போடுங்க."

"அத வெட்டிட்டேன் மொதலாளி" என்றாள் தர்மிளா. "இது மத்தக் கை."

கபூர் இன்னொரு தரம் பார்த்தார். பிறகு எதையோ வாய்க்குள் ஓதிக்கொண்டு, அப்போதுதான் குடித்து முடித்த தேநீரை மறுபடியும் குடிக்கப் போனார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. முதலாளி சொன்னதில் தவறில்லை. காலியாக விட்டால் தோட்டமே அந்தக் கையைத்தான் பார்க்கும். யாரையாவது உட்கார வைத்துத்தான் ஆகவேண்டும். அடுக்குகளின் பெயர்களை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தாள். எல்லாருமே தெரிந்தவர்கள்.

தர்மிளா தாயை வலப்பக்கத்தின் பின்வரிசையில் வைத்தாள். பொங்கலுக்கு எடுத்த தன் படத்தை வெட்டி, நடு மடிப்பிலிருந்த நாற்காலியில் வைத்தாள். அடுக்குகளைப் பூட்டி, பக்கத்தை அச்சுக்கு அனுப்பினாள்.