அப்புறம் அக்கா

"நாளைக்கு ஆள் வந்து மோட்டாரைப் பாத்துடுவாரும்மா. அப்புறம்?" என்று கேட்டுவிட்டு அக்கா நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொள்கிறார். மறுமுனையில் இருப்பவர் சலவை இயந்திரம் ஓடவில்லை என்று புகார் சொல்லக் கூப்பிட்டவர். இனி அவர் சொல்லப்போவது, தன் மகள் மூன்று மாதமாக ஏன் பேசுவதில்லை என்பதை.

அக்காவுக்கு வயது முப்பத்தொன்பது. புகார்ப் பிரிவில் எனக்கு அடுத்த இருக்கை. ஆறு மாதம் தாண்டினால்தான் வேலை நிரந்தரம். அவருக்கு அதில் இன்னும் ஒரு வாரம் பாக்கி. அலுவலகத்தில் அவரை 'அப்புறம் அக்கா' என்றால்தான் தெரியும்.

பேச்சு தீர்ந்துபோனால் நாம் எல்லோருமே "அப்புறம்..." என்று இழுப்போம். போனை வைக்கலாமா என்று கேட்பதற்கு அது ஒரு மரியாதையான வழி. அக்காவுக்கு அந்த இழுப்பு வராது. அவர் நிஜமாகவே கேட்கிறார். கேட்டால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா, கொட்டித் தீர்த்துவிடுகிறார்கள்.

எங்கள் வேலையில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. புகாரைப் பதிந்துகொண்டு, 'தங்களுக்கு வேறு ஏதேனும் உதவி தேவைப்படுகிறதா?' என்று எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு வைத்துவிட வேண்டும். அப்படிக் கேட்டால் யாருக்கும் எந்த உதவியும் தேவைப்படாது. நான்கு நிமிடத்தைத் தாண்டினால் மேசையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அக்கா தன் ஹெட்போனின் பஞ்சு உறையைக் கழற்றி அந்த விளக்குக்குத் தொப்பி போட்டுவிட்டிருக்கிறார். "பாவம், எப்பப் பாத்தாலும் முழிச்சிக்கிட்டே இருக்கு. கொஞ்சம் தூங்கட்டும்."

இது அவருக்கு ஏழாவது வேலை. பல் மருத்துவரின் வரவேற்பறையில் இருந்தபோது, வாயில் பஞ்சோடு வந்தவரிடமும் "அப்புறம்?" கேட்டிருக்கிறார். நூலகத்தில் அவரைப் பதினொரு நாள்தான் பொறுத்துக்கொண்டார்கள். போன வேலையில் பேச்சை அடக்க வாயில் கிராம்பைப் போட்டுக்கொண்டே இருந்தாராம். "கிராம்பு டப்பா காலியாச்சு. பழக்கம் அப்படியே இருந்துச்சு."

மனநல ஆலோசகர் ஆகலாமே என்று நானும் மேதாவித்தனமாகச் சொல்லிப் பார்த்தேன். அதையும் ஒரு வருடம் படித்துப் பார்த்துவிட்டாராம். செய்முறைத் தேர்வில் எதிரே உட்கார்ந்தவர் மனம்விட்டு அழுது, நன்றி சொல்லிவிட்டுப் போனாராம். "ஆனா, நீங்க ஒரு வழியும் சொல்லலையேன்னு பெயிலாக்கிட்டாங்க. எனக்கே வழி தெரியல, அவருக்கு எங்க போய்ச் சொல்றது?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இந்தத் தடவ கிராம்பு கிடையாது. நான் நானாவே இருந்து பாக்கறேன்" என்று சேர்ந்த அன்றே சொன்னவர். "இப்படி ஒருத்திக்குன்னு ஒரு வேலையாவது இருக்காதா?" என்று அப்போது கேட்டார். போகப் போக அந்தக் கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டார்.

இருப்பது தங்கை வீட்டில். தங்கையின் கணவர் பாட்டில் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். இந்த வேலையும் போனால் திங்கட்கிழமையே அங்கே பொட்டலம் கட்டும் பிரிவில் சேர வேண்டும் என்று பேச்சு. இயந்திர இரைச்சலுக்குக் காதை அடைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். இப்போதே பழகட்டும் என்று ஆரஞ்சு நிறத்தில் இரண்டு பஞ்சு அடைப்பான்களைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். "அங்க உங்க பழக்கத்தால யாருக்கும் தொந்தரவு வராதுன்னாரு மாப்பிள்ள. நல்ல மனசுலதான் சொன்னாரு" என்றார் அக்கா, அவற்றை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே.

வெள்ளிக்கிழமை மதியம் மேலாளரம்மா அவரைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். இரண்டு நிமிட வேலை. கடிதத்தை நீட்டுவதும் அக்கா தலையாட்டுவதும் எங்களுக்குத் தெரிந்தன. பிறகு அக்காவின் உதடு அசைந்தது. என்ன கேட்டிருப்பார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மேலாளரம்மா எழுந்தவர் உட்கார்ந்தார், பேசினார், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்பது நிமிடம் ஆயிற்று. கடிதம் கிழிபடும் என்றே நான் நம்பினேன். கடைசியில் அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, அதே கையில் கடிதத்தை வைத்து அனுப்பினார்.

அக்கா வந்து விளக்கின் தொப்பியைக் கழற்றி மறுபடி ஹெட்போனில் மாட்டினார். "அவங்களுக்கும் வீட்ல நிம்மதி இல்ல பாவம்" என்றார். தண்ணீர் பாட்டிலையும் குடையையும் பைக்குள் வைத்தார்.

கிட்டத்தட்ட ஆறு மாதம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நான் அவரிடம் ஒருநாள்கூட அதைக் கேட்டதில்லை. நினைத்தபோது அவமானமாக இருந்தது. என் மேசையில் அழைப்பு விளக்கு மின்னியது, எடுக்கவில்லை. நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன்.

"அப்புறம், அக்கா?"

அவர் நிமிர்ந்து என் உதட்டைப் பார்த்தார். இரண்டு காதிலும் ஆரஞ்சுப் பஞ்சு இருந்தது. போய்ட்டு வரேன் என்பதாகக் கையை ஆட்டிவிட்டு, வலது காதில் துருத்தியிருந்ததை விரலால் இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்திக்கொண்டார்.