மாமாவின் கருப்புத் திரை

நான் வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்ப்பவள். கூடவே ஒற்றைத் தலைவலியும் உண்டு. வெள்ளைத் திரையை ஒரு மணி நேரம் பார்த்தால் போதும், நெற்றிப்பொட்டில் ஆணி அடிக்க ஆரம்பித்துவிடும். அதனால் ஒரு நாள் கணினியை மொத்தமாக, திரை கருப்பாகத் தெரியும் டார்க் மோடுக்கு மாற்றிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன். அந்த நிம்மதி சாயங்காலம் வரைதான்.

நாமக்கல் பக்கம் எங்களுக்குக் கோழிப்பண்ணை. முட்டைக் கோழிக்குப் பொழுது சாய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் விளக்கு எரிய வேண்டும். தவறினால் முட்டை குறைந்துவிடும். என் மாமனாருக்கு உயிரே அந்த விளக்குகளில்தான். அதைக் கவனிக்கும் செயலியும் என் கணினியில்தான் இருக்கிறது. மூன்று கோழி ஷெட்டுகளையும் வரைந்த படம் இருக்கும், கீழே பொடி எழுத்தில் எது எரிகிறது, எது எரியவில்லை என்ற விவரம் இருக்கும். மாமா மூக்குக்கண்ணாடியை எங்காவது வைத்துவிட்டு வந்து படத்தை மட்டும் பார்ப்பார்.

அன்றைக்குப் படம் கருப்பாக இருந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினார். ஷெட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. இது வெறும் திரையின் நிறம் என்று எடுத்துச் சொன்னேன். பொறுமையாகத் தலையாட்டினார். மறுநாளும் ஓடினார்.

“உனக்குத் தலைவலின்னா எனக்கு நெஞ்சுவலி சாமி. அத ஒன்ன மட்டும் வெள்ளையா உட்டுரு,” என்றார் மூச்சு வாங்க.

துழாவிப் பார்த்ததில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகத் தோற்றம் வைக்க வழி இருந்தது. ஷெட் செயலிக்கு எப்போதும் வெளிச்சம், மற்றதெல்லாம் இருட்டு. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். மாமாவும் நாற்காலியில் சாய்ந்து, திரையைப் பார்த்தபடி டீ குடிக்கப் பழகிவிட்டார்.

ஒரு வாரம் போயிருக்கும். காயப்போட்ட துணியை எடுக்கப் போனவள் பார்க்கிறேன், நடு ஷெட் கும்மிருட்டாகக் கிடக்கிறது. ஃபியூஸ் போயிருந்தது. ஓடி வந்து சொன்னால் மாமா அசையவே இல்லை. டம்ளரால் திரையைக் காட்டினார்.

“நல்லாத்தான எரியுது சாமி?”

பொடி எழுத்து உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதை யார் படித்தார்கள்? ஃபியூஸ் போட்டு முடிப்பதற்குள் எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. அடுத்த சில நாள் முட்டை குறைந்தது. மாமா திட்டியிருந்தால் தேவலை.

அந்தச் செயலியையும் கருப்பாக்கிவிட்டேன். இப்போது தினமும் விளக்குப் போடும் நேரத்துக்கு மாமா திரையைப் பார்க்கிறார், என்னை முறைக்கிறார், நம்பாமல் எழுந்து ஷெட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். நான் அவர் செருப்பை மட்டும் வாசலில் எடுத்து வைத்துவிடுகிறேன்.