ராயபுரத்து மணலில் பிறந்த ஸ்விங்

கிராமபோன் தட்டு வாங்கியே சம்பளத்தைக் கரைக்கிறவன் நான். திருச்சி ரயில்வே ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் போன மாசியில் ஒரு வார்த்தை சொன்னார்: "ராயபுரத்துல ஒரு ஸ்விங் டான்ஸ் ஆடுறாங்க சார், வேற எங்கயும் கிடையாது." அவ்வளவுதான், அந்த வாரமே மெட்ராஸ் ரயில் ஏறிவிட்டேன். வீட்டில் சொன்ன காரணம் வேறு. அது இங்கே வேண்டாம்.

எழும்பூரில் இறங்கிப் பாரிமுனை போய், ராயபுரம் டிராம் பிடித்தேன். டிக்கெட் ஓரணா. கருவாட்டு வாசனையும் எஞ்சின் கரிப்புகையும் சேர்ந்து மூக்கில் ஏறினால் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து அரை மைல். ரிக்‌ஷாக்காரர் மாரி விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"டான்ஸ் ஆலுக்கா நைனா? முன்பக்கம் இன்னா கீது? பின்னாடி வா. அசல் ஆட்டம் மணல்லதான் கீது."

அந்த டான்ஸ் ஹால் செங்கல் கட்டடம். ரயில்வே துரைகளுக்காகக் கட்டியது. கடல் பக்கம் ஆளுயர ஜன்னல்கள், தரை முழுக்க பர்மா தேக்கு. வாசலில் எட்டணா வாங்கினார்கள். மதுவிலக்கு வந்தபின் உள்ளே எலுமிச்சை சர்பத்துதான். கும்மாளம் மட்டும் குறையவில்லை. ஆட்டம் பிறந்த கதையை மாரியே சொன்னார்.

"யுத்தத்துல சோல்ஜருங்க உள்ள ஆடுவானுங்க. நாங்க ஜன்னலாண்ட நின்னு பாத்துகினே ஆடுவோம். அவனுக்குத் தேக்குல காலு வழுக்கும், எங்களுக்கு மணல்ல பொதையும். அதான் ஒவ்வொரு சுத்துக்கும் குதிகாலச் சுண்டித் தூக்குறது. வேற இன்னா பண்றது?"

நான் போனது நல்ல நாள். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டும் தனகோடியும் அவர் மனைவி கன்னியம்மாவும் முதல்முறையாக உள்ளே ஆடப்போகிறார்கள். பேண்டு மாஸ்டர் கெஞ்சிக் கேட்டு வாங்கிய அனுமதி. ஹாலின் மேனேஜர் வில்ஃபிரட் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: ஒரு பாட்டு முழுக்க விழாமல் ஆடினால் சனிக்கிழமைதோறும் உள்ளே வரலாம். விழுந்தால் இனி ஜன்னல்களையும் சாத்திவிடுவார். ஜன்னல் போனால் பாட்டு போச்சு. பாட்டு போனால் மணலில் ஆட்டம் ஏது?

கேரம் போர்டுக்குப் போடுகிற மாதிரி வில்ஃபிரட் தானே தரையில் பவுடர் தூவினார். பேண்டு தொடங்கியது. கன்னியம்மா இரண்டு சுற்று அழகாகச் சுற்றினாள். மூன்றாவதில் குதிகாலைச் சுண்டினாள், தேக்கு அவளைச் சுண்டிவிட்டது. உட்கார்ந்துவிட்டாள். தனகோடி என்ன நினைத்தாரோ, வெளியே ஓடித் துண்டு நிறைய மணல் அள்ளிவந்து பர்மா தேக்கின் நட்டநடுவில் கொட்டினார். "இப்ப ஆடலாம், வா!"

வில்ஃபிரட் போட்ட கூச்சல் காசிமேடு வரை கேட்டிருக்கும். "என் தரை! என் தரை! ரெண்டு பேரும் வெளிய போங்க!"

கன்னியம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "வாய்யா, நம்ம மணலு கீது." அவர்கள் வெளியேற, வில்ஃபிரட் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்த ஆரம்பித்தார். அப்போதுதான் டிரம்ஸ்காரர் டிரம்மைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தார். பிறகு டிரம்பெட். பிறகு மாஸ்டர். கவுன் போட்ட பெண்கள் ஹை ஹீல்ஸைக் கையில் பிடித்தபடி கிளம்பினார்கள். சர்பத்தும் கையுமாக நானும்.

வெளியே எல்லோருக்கும் கால் புதைந்தது. பூட்ஸ்காரர்கள் தடுக்கி விழுந்து சிரித்தார்கள். கன்னியம்மா நடுவில் நின்று குதிகாலைச் சுண்டிக் காட்டினாள்: "கால இழுக்காத மாமு, தூக்கு!" நானும் ஆடினேன். கண்றாவியாகத்தான் ஆடினேன், ஆனால் அத்தனை சந்தோஷமாக நான் எங்கும் இருந்ததில்லை.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை சாயங்காலம் போங்கள். பூட்ஸ் வேண்டாம். திரும்பும்போது டிராமுக்குக் கூட்டம் அதிகம், ரிக்‌ஷாவைக் காத்திருக்கச் சொல்லிவிடுங்கள். எட்டணா கொடுத்து உள்ளே போவதா, சும்மா பின்பக்கம் போவதா என்பது உங்கள் இஷ்டம்.

கிளம்புமுன் ஹாலை எட்டிப் பார்த்தேன். உள்ளே ஆளில்லை. கடைசி ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வில்ஃபிரட் வெளியே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் சாத்தவில்லையா என்று கேட்டேன்.

"சாத்திட்டா நான் எப்டிப்பா பாக்குறது?" என்றார்.